சோக்கும் இக்னைட்டரும் இருந்த காலம்

இருபது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு நகராட்சிச் சாலையில் 250 வாட் சோடியம் விளக்கின் பெட்டியைத் திறந்தால், உள்ளே பல்பைத் தவிர மூன்று பொருள்கள் இருக்கும். இரும்புத் தகட்டு அடுக்கின் மேல் செம்புக் கம்பி சுற்றிய, மூன்று கிலோவுக்கு மேல் கனக்கும் சோக்கு. உள்ளங்கையில் அடங்கும் இக்னைட்டர். அலுமினிய டப்பாவில் 33 மைக்ரோபாரட் கண்டன்சர். இவற்றையும் பல்பு ஹோல்டரையும் இணைக்க ஏழெட்டு ஒயர்த் துண்டுகள். இன்று அதே கம்பத்தில் 120 வாட் எல்.இ.டி. விளக்கு தொங்குகிறது. அதற்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு டிரைவர், ஒரு விளக்குத் தகடு, இரண்டுக்கும் நடுவே இரண்டு ஒயர். கம்பத்திலிருந்து போவது பேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்றே. அன்று ஒரு பிட்டிங்குக்குத் தவறில்லாமல் இணைப்புக் கொடுக்க ஒருவர் மூத்தவர் ஒருவரின் கீழ் பல மாதங்கள் ஏணி பிடித்திருக்க வேண்டும். இன்று ஒரு பகல் பார்த்தால் போதும்.

வாயு விளக்குகளின் குணம் தெரிந்தால்தான் அந்த மூன்று பொருள்களின் வேலை விளங்கும். குண்டு பல்பில் டங்ஸ்டன் கம்பி சூடேற ஏற அதன் மின்தடை கூடும். மின்னோட்டம் தானாக ஓர் அளவில் நின்றுவிடும். அதனால் அதை நேராக மின்சாரத்தில் மாட்டினார்கள். குழல் விளக்கு, மெர்க்குரி, சோடியம், மெட்டல் ஹாலைடு ஆகியவை இதற்கு நேர்மாறு. வாயுவின் வழியே மின்சாரம் பாயத் தொடங்கியதும் தடை குறையும். தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும். அது கூடினால் தடை மேலும் குறையும். 230 வோல்ட்டில் நேராக மாட்டினால் ப்யூஸ் போகும் அல்லது பல்பு உடையும். அந்தப் பாய்ச்சலுக்குப் போட்ட கடிவாளம்தான் சோக்கு. இன்னொரு சிக்கல், பற்றவைப்பது. ஆறிக் கிடக்கும் வாயு மின்சாரத்துக்கு எளிதில் வழிவிடாது. முதலில் ஒரு பெரிய அடி கொடுத்து வழியைத் திறக்க வேண்டும். திறந்த பின் பாய்வதைப் பிடித்து நிறுத்தவும் வேண்டும்.

குழல் விளக்கில் இந்த இரண்டு வேலைகளையும் சோக்கே பார்த்தது. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் ஈருலோகத் தகடு சூடாகி ஒட்டும்; மின்சாரம் குழலின் இரு முனை இழைகளையும் சூடாக்கும்; தகடு ஆறி விலகும். விலகும் கணத்தில் சோக்கில் ஓடிய மின்னோட்டம் திடீரென அறுபட, பல நூறு வோல்ட் எழுந்து குழல் பற்றிக்கொள்ளும். 40 வாட் குழல் சுமார் 2,400 லூமன் ஒளி தந்தது. அதற்குப் பின்னால் சோக்கு தனக்கென 12 முதல் 15 வாட் வரை எடுத்துச் சூடாக்கிக்கொண்டது. கிராமத்துத் தெருக்களில் பல காலம் இந்தக் குழல்தான் நின்றது. கோயில் திருவிழாவில் சவுக்குக் கம்பு நட்டு வரிசையாகக் குழல் விளக்குக் கட்டிய மைக் செட்காரர்களின் வண்டியில் சோக்கும் ஸ்டார்ட்டரும் மூட்டையாக இருக்கும். லைனின் கடைசியில் வோல்டேஜ் இறங்கிவிட்டால் அந்த வரிசையின் கடைசிக் குழல்கள் விடிய விடிய மினுக்கிக்கொண்டே இருக்கும்.

பெருஞ்சாலைகளுக்கு வந்தது மெர்க்குரி விளக்கு. பல்புக்குள்ளேயே பற்றவைக்க ஒரு துணை மின்முனை இருந்ததால் இதற்கு இக்னைட்டர் வேண்டியிருக்கவில்லை. சோக்கு ஒன்று, கண்டன்சர் ஒன்று, அவ்வளவுதான். 125 வாட் பல்பு ஏறக்குறைய 6,000 லூமன் தந்தது. நீலமும் பச்சையும் கலந்த அந்த வெளிச்சத்தில் மனித முகம் வெளிறித் தெரியும், உதடு கருத்துத் தெரியும். ஆனாலும் பழுது குறைவு. பல்பு சட்டென்று அணையாது; ஆண்டுக்கணக்கில் மங்கிக்கொண்டே போகும். அது மங்கியதே தெருவில் நடப்பவர்களுக்குத் தெரியாது.

சோடியம் வந்தபோது கணக்கே மாறியது. 250 வாட்டில் சுமார் 27,000 லூமன். வாட்டுக்கு வாட் பார்த்தால் மெர்க்குரியைப் போல இரண்டு மடங்கு. அதற்குப் பின்னால் ஒரு பீங்கான் இருக்கிறது. சூடான சோடியம் ஆவி கண்ணாடியையும் குவார்ட்ஸையும் அரித்துவிடும். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் கோபிள் என்பவர் ஒளி ஊடுருவும் அலுமினாப் பீங்கானை உருவாக்கிய பிறகே உயரழுத்தச் சோடியம் விளக்கு சாத்தியமானது. அடுத்த பத்தாண்டில் அது சந்தைக்கு வந்தது. சுண்டுவிரலை விட ஒல்லியான அந்தப் பீங்கான் குழாய்க்குள் துணை மின்முனை வைக்க இடமில்லை. ஆகவே அடி வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. அப்படித்தான் இக்னைட்டர் நம் தெருக் கம்பங்களில் ஏறியது.

இக்னைட்டரின் வேலையைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஓர் அழகு இருக்கிறது. மின்னழுத்த அலையின் உச்சியில், அதற்குள் இருக்கும் சிறு கண்டன்சர் ஒன்று ஒரு மின்னணுத் திறப்பின் வழியே சட்டென்று காலியாகும். அந்தத் துடிப்பு ஒரு சிறிய மின்மாற்றிச் சுற்றில் பெருகி மூவாயிரம், நாலாயிரம் வோல்ட்டாகப் பல்புக்குப் போகும். நீடிப்பது ஒரு சில மைக்ரோ நொடி. பல்பு பற்றும் வரை அலைக்கு அலை இதுவே நடக்கும். பக்கத்தில் நின்றால் ரீங்காரம் கேட்கும். பல்பு பற்றியதும் அதன் இரு முனைக்கும் இடையே உள்ள மின்னழுத்தம் வெகுவாக இறங்கி, பின் சூடேறிச் சுமார் 100 வோல்ட்டில் நிற்கும். அந்த அழுத்தத்தில் இக்னைட்டரின் திறப்பு திறக்காது. யாரும் அணைக்காமல் அது தானாக மௌனமாகிவிடும். மாலையில் ஒரு நொடி வேலை, மறுநாள் மாலை வரை ஓய்வு.

இணைப்பில்தான் கைப்பழக்கம் தேவைப்பட்டது. பேஸ் முதலில் சோக்குக்குப் போக வேண்டும். சோக்கிலிருந்து இக்னைட்டரின் ஒரு முனைக்கு, இக்னைட்டரின் பல்பு முனையிலிருந்து ஹோல்டரின் நடுப்புள்ளிக்கு. நியூட்ரல் நேராக ஹோல்டரின் மரைப் பகுதிக்குப் போகும். அதிலிருந்து ஒரு கிளை இக்னைட்டருக்கும். நாலாயிரம் வோல்ட் போகும் ஒயர் நடுப்புள்ளியில்தான் முடிய வேண்டும். மரைப் பகுதியில் கொடுத்தாலும் விளக்கு எரியக்கூடும். ஆனால் பல்பு மாற்றுகிறவரின் விரல் தொடக்கூடிய இடம் அது. எனக்குத் தெரிந்த நகராட்சி வயர்மேன் ஒருவர் உதவியாளரிடம் இதை ஒவ்வொரு முறையும் சொல்வார். "தம்பி, பேஸை சோக்குக்குக் குடு. நியூட்ரலை நேரா ஹோல்டர் மரைக்குக் கொண்டு போ. மாத்திக் குடுத்தா இன்னைக்கு எரியும், நாளைக்கு ஒருத்தன் கைய வைப்பான்." மேலே ஏணியில் இருக்கும் பையன் "சரிங்ணா" என்பான். அவர் கீழே நின்று ஒயரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

இக்னைட்டரிலும் வகை இருந்தது. பல்புக்குத் தொடராக இணைகிற வகை, பல்புக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், பொதுவாக ஒன்றரை மீட்டருக்குள். ஒயர் நீண்டால் அந்த ஒயரே துடிப்பை உறிஞ்சிவிடும். பல்புக்குப் போய்ச் சேரும்போது அடியில் வலு இருக்காது. இன்னொரு வகை, சோக்கின் சுற்றில் ஒரு டேப்பிங் எடுத்து, சோக்கையே மின்மாற்றியாகப் பயன்படுத்திக்கொள்வது. அதற்கு அதற்கென்று செய்த சோக்கு வேண்டும், ஏனென்றால் ஆயிரக்கணக்கான வோல்ட் அந்தச் சுற்றிலேயே எழுகிறது. ஒன்றின் சோக்குக்கு மற்றதன் இக்னைட்டரைப் போட்டால் விளக்கு எரியாது, அல்லது சில வாரங்களில் சோக்கின் காப்பு கருகும். கடையில் கேட்கும்போது வெறுமனே "250 வாட் இக்னைட்டர்" என்று கேட்டவர் வேலைக்குப் புதியவர். சோக்கின் மேல் ஒட்டிய படத்தைப் பார்த்துவிட்டு வந்து கேட்டவர் வேலை தெரிந்தவர்.

சோக்கின் தலையில் 220, 240 என்று வோல்ட் எழுதிய முனைகள் இருக்கும். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்துக் கம்பத்துக்கு ஒரு முனை, லைனின் கடைசிக் கம்பத்துக்கு வேறொரு முனை. இரண்டு இடத்திலும் ஒரே முனையில் கொடுத்தால் ஒன்றில் பல்பு சீக்கிரம் தீரும், மற்றதில் விளக்கு மங்கும். மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான இக்னைட்டர்கள் வேலை செய்யா. எந்தத் தெருவில் மாலை ஆறரைக்கு வோல்டேஜ் எவ்வளவு இறங்கும் என்பது வயர்மேனின் நினைவில்தான் இருந்தது. எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

மூன்றாவது பொருளான கண்டன்சரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அது இல்லாவிட்டாலும் விளக்கு எரியும். வெளிச்சத்தில் துளியும் வேறுபாடு தெரியாது. வேறுபாடு கேபிளில் இருந்தது. கண்டன்சர் இல்லாத 250 வாட் சோடியம் விளக்கு லைனிலிருந்து 3 ஆம்பியர் எடுக்கும். 33 மைக்ரோபாரட் கண்டன்சரைப் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இணைத்தால் அது 1.3 ஆம்பியர் அளவுக்கு இறங்கும். ஒரு சாலையில் நாற்பது விளக்கு என்றால் 120 ஆம்பியருக்கும் 52 ஆம்பியருக்கும் உள்ள வித்தியாசம். கண்டன்சர் செத்தது யாருக்கும் தெரியாது. கேபிள் சூடாகும், சுவிட்ச் பெட்டியில் முனைகள் கருகும், அதற்கும் மேலே டிரான்ஸ்பார்மர் வீணாகச் சுமக்கும். யாரும் பார்க்காத அந்த டப்பாவை ஒழுங்காக மாட்டியவரும், செத்ததைக் கண்டுபிடித்து மாற்றியவரும்தான் அந்தத் தொழிலின் உண்மையான கைகாரர்கள் என்பது என் எண்ணம். அவர்கள் செய்த வேலையை ஊர் ஒருநாளும் பார்த்ததில்லை.

பழுதைப் படிப்பது தனிக் கலையாக இருந்தது. விளக்கு எரிந்து, சில நிமிடம் கழித்து அணைந்து, ஆறி மறுபடி எரிந்து, மறுபடி அணைந்தால், பல்புக்கு வயதாகிவிட்டது என்று கீழிருந்தே சொல்லிவிடுவார்கள். வயதான சோடியம் பல்பின் மின்னழுத்தம் ஆண்டுக்கு ஆண்டு ஏறும். ஓர் எல்லைக்கு மேல் போனதும் சூடேறிய பல்பைத் தாங்கிப் பிடிக்க லைனுக்கும் சோக்குக்கும் வலு போதாது, வெளிச்சம் அறுந்துவிடும். ஆறியதும் இக்னைட்டர் திரும்பப் பற்றவைக்கும். ரீங்காரம் கேட்கிறது, வெளிச்சம் இல்லை என்றால் பல்பைப் பார். ரீங்காரமும் இல்லை என்றால் முதலில் லைன் வருகிறதா பார். வந்தால் இக்னைட்டரையோ சோக்கையோ பார். குழல் விளக்கின் சோக்குக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. ஒரு குண்டு பல்பைத் தொடராக மாட்டினால், நல்ல சோக்கு வழியே பல்பு மங்கி எரியும்; சுற்று ஒட்டிப்போன சோக்கு வழியே பிரகாசமாக எரியும்; அறுந்த சோக்கு வழியே எரியவே எரியாது. மீட்டர் இல்லாத கைக்கு இந்த ஒரு பல்பு போதும்.

செத்த பல்பை மாற்றாமல் விட்டால் இக்னைட்டரும் சாகும். பற்றாத பல்பை இரவு முழுதும் அது அடித்துக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் தானாக நின்றுவிடும் இக்னைட்டர்கள் பின்னால் வந்தன. ஆனால் விலை கூடுதல் என்று நம் உள்ளாட்சிகள் பல அதை வாங்கவில்லை. 50 ரூபாய் மிச்சம் பார்த்த இடத்தில் சோக்கின் காப்பும் சேர்ந்து போனது.

அந்த விளக்குகளுக்கு மாலையும் மெதுவாகத்தான் வந்தது. சோடியம் பற்றியதும் வெளிர் நீலமாகத் துளிர்த்து, பிறகு மஞ்சள் ஏறி, நாலைந்து நிமிடத்தில் முழு ஒளிக்கு வரும். மின்வெட்டு மிகுந்திருந்த ஆண்டுகளில் இது பெரிய தொல்லை. மின்சாரம் ஒரு நொடி போய் வந்தால் சோடியம் திரும்பப் பற்ற ஒரு நிமிடம் ஆகும். மெர்க்குரிக்கு ஐந்து நிமிடம். மைதானங்களில் இருந்த மெட்டல் ஹாலைடுக்குப் பத்து, பதினைந்து நிமிடம். சூடான வாயுவைப் பற்றவைக்க நாலாயிரம் வோல்ட் போதாது என்பதே காரணம். அந்த நிமிடங்களில் சாலையில் நடந்த விபத்துகளையும் பறிபோன சங்கிலிகளையும் நினைத்தால், பொத்தானைத் தட்டியதும் முழு ஒளி தரும் இன்றைய விளக்கை யாரும் குறைத்துப் பேச முடியாது.

இன்றைய கணக்கையும் நேர்மையாகப் போட்டுவிட வேண்டும். 250 வாட் சோடியம் விளக்கு சோக்கின் இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ 280 வாட் எடுத்தது. ஆண்டுக்கு 4,000 மணி நேரம் எரிந்தால் 1,120 யூனிட். அதற்குப் பதில் மாட்டிய 120 வாட் எல்.இ.டி.க்கு 480 யூனிட். ஒரு கம்பத்தில் ஆண்டுக்கு 640 யூனிட் மிச்சம். மிச்சத்துக்குக் காரணம் சோடியம் மட்டமான விளக்கு என்பதல்ல. ஒரு வாட்டுக்கு நூறு லூமனுக்கு மேல் தந்த பல்பு அது. நீண்ட காலம் எல்.இ.டி.யாலேயே அதை எட்ட முடியவில்லை. ஆனால் சோடியம் பல்பு நாலாபக்கமும் ஒளி விடும். கண்ணாடித் தகடு அதைத் திருப்பிச் சாலைக்கு அனுப்பும்போது கணிசமான பங்கு பெட்டிக்குள்ளேயே போய்விடும். எல்.இ.டி. கீழ்நோக்கி மட்டுமே ஒளி விடுகிறது. மொத்த ஒளி குறைவு, சாலையில் விழும் பங்கு அதிகம். நிறத்திலும் பெரிய ஆதாயம். சோடியத்தின் நிறம் காட்டும் குறியீடு நூற்றுக்கு இருபது, இருபத்தைந்துதான். சிவப்புச் சேலையும் பழுப்புச் சேலையும் அதன் கீழ் ஒன்று. எல்.இ.டி. தெருவிளக்கில் அது எழுபதுக்குக் குறையாது. ஓடிப்போன வண்டியின் நிறம் என்ன என்று இன்று சாட்சி சொல்ல முடிகிறது.

நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜனவரி 5 அன்று இந்திய அரசு தெருவிளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுவதும் ஒரு கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் அதன்கீழ் மாறின. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. மறுஆண்டு இந்தியா அதை ஏற்று உறுதிசெய்தது. மெர்க்குரி விளக்குகளுக்கு அந்த உடன்படிக்கை வைத்த கெடு 2020. குழல் விளக்குகளுக்கு 2027. உடைந்த குழலைக் குப்பைமேட்டில் எறிந்து பழகிய நமக்கு, இது தாமதமாக வந்த நல்ல செய்தி.

இழந்தது என்ன? பழுது பார்க்கும் உரிமையை இழந்தோம் என்பேன். அன்று சோக்கு செத்தால் சோக்கு மட்டும்; இக்னைட்டர் செத்தால் இக்னைட்டர் மட்டும். எந்தக் கம்பெனியின் பல்பையும் எந்தக் கம்பெனியின் சோக்கோடும் மாட்டலாம், வாட்டும் வகையும் பொருந்தினால் போதும். அளவுகள் பொதுவாக இருந்தன, பல்பின் மரை ஒன்றாக இருந்தது. கருகிய சோக்கைக் கொண்டுபோனால் பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் அதற்கும் கட்டிக் கொடுத்தார்கள். கட்ட முடியாவிட்டாலும் செம்புக்கு எடைக்கு விலை இருந்தது. இன்று எல்.இ.டி. விளக்கு அணைந்தால் பெரும்பாலும் சாவது எல்.இ.டி. அல்ல, டிரைவர். ஆனால் அந்த டிரைவர் பிசின் ஊற்றி அடைக்கப்பட்டிருக்கும். வெளியே வரும் மின்னோட்டம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வோர் அளவு. மூன்று ஆண்டு கழித்துக் கேட்டால் அந்த மாடலே இல்லை என்பார்கள். முழு விளக்கையும் கழற்றி முழு விளக்கையும் மாட்டுகிறோம். ஐம்பதாயிரம் மணி நேரம் உழைக்கும் என்று அட்டையில் எழுதியிருக்கிறது. எல்.இ.டி.க்கு அது பொருந்தும். டிரைவருக்குள் இருக்கும் மின்பகு கண்டன்சருக்குச் சூடு ஆகாது. பத்து டிகிரி ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பழைய கணக்கு. நம் ஊர் வெயிலில் பகல் முழுதும் கொதித்த பெட்டிக்குள் அது மாலையில் வேலையைத் தொடங்குகிறது.

இடியும் அப்படித்தான். அன்றைய விளக்கு தினமும் தனக்குத் தானே நாலாயிரம் வோல்ட்டை உண்டாக்கிக்கொண்டு, அதைத் தாங்கியும் நின்றது. மூன்று கிலோ செம்பும் இரும்பும் லைனில் வந்த அதிர்வைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே அளவு மின்னழுத்தம் வெளியிலிருந்து ஒரு முறை வந்தால் இன்றைய டிரைவர்கள் பலவற்றுக்கு முடிந்தது. அதற்கென்று தனியே மின்னெழுச்சித் தடுப்பான் மாட்ட வேண்டும். பத்தாயிரம் வோல்ட் தாங்கும் தடுப்பான் சந்தையில் இருக்கிறது. மாட்டாத இடத்தில் ஐப்பசி மழையின் முதல் இடிக்கே ஒரு தெரு இருண்டுவிடுகிறது.

வெளிச்சத்தின் நிறத்திலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. 2015இல் மும்பை மரைன் டிரைவின் மஞ்சள் சோடியம் விளக்குகளை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. மாட்டியபோது, கடலோர வளைவின் அழகு போயிற்று என்று அங்கே பெரும் எதிர்ப்பு எழுந்தது. பின்னர் மஞ்சள் சாயல் கொண்ட எல்.இ.டி.யே மாட்டினார்கள். அழகு ஒரு பக்கம் இருக்கட்டும். சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்ததும் வெளிச்சமான தொடுவானத்தை நோக்கி ஓடும். அவற்றின் இயல்புக்கு அதுதான் கடல். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு இரவுகளில் அந்த மணலில் நடந்து முட்டைகளைக் காத்துவருகிறது. கரையோர விளக்குகள் குஞ்சுகளைச் சாலைப் பக்கம் இழுப்பதை அவர்கள் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள். நீலம் மிகுந்த வெள்ளை ஒளி அவற்றை அதிகம் இழுக்கும், மஞ்சளும் செம்மஞ்சளும் குறைவாக இழுக்கும். சோடியம் விளக்கு மஞ்சளாக இருந்தது யாருடைய கருணையாலும் அல்ல, அந்த ஆவியின் இயற்கை அது. எல்.இ.டி.யில் எந்த நிறம் என்பதை மனிதர் தேர்ந்தெடுக்கிறார். தேர்வு நம் கைக்கு வந்த பிறகு தெருவெல்லாம் நீல வெள்ளையையே வாங்கி மாட்டிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் பாடத்தில் மெர்க்குரி, சோடியம், மெட்டல் ஹாலைடு விளக்குகளுக்கு இணைப்புக் கொடுக்கும் பயிற்சி உண்டு. மாணவர் பலகையில் சோக்கையும் இக்னைட்டரையும் மாட்டி, பல்பு பற்றுவதைப் பார்க்கிறார். வெளியே வந்தால் அதைச் செய்வதற்கு ஆலைக் கூரைகளிலும் பழைய ஹைமாஸ் கம்பங்கள் சிலவற்றிலும்தான் வாய்ப்பு. அந்தப் பயிற்சி வீண் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மின்னோட்டத்தை ஏன் கட்டுப்படுத்த வேண்டும், கண்டன்சர் சரிசெய்யும் மின்திறன் காரணி குறைந்தால் கேபிளுக்கு என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல பாடம் இல்லை. எல்.இ.டி. டிரைவர் செய்வதும் அதே வேலைதான். பெட்டியை மூடிவைத்துச் செய்கிறது.

சோடியம் விளக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு கம்பத்துக்கு 640 யூனிட்டை விட்டுக்கொடுக்க எந்த நியாயமும் இல்லை. உள்ளாட்சிகளின் மின் பொறியாளர்களிடம் நான் கேட்பது, அடுத்த டெண்டரில் ஐந்து வரிகள் சேருங்கள். டிரைவர் தனியே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அதன் மின்னோட்ட அளவு பெட்டியின் மேல் எழுதியிருக்க வேண்டும். பிற கம்பெனி டிரைவரும் அதில் பொருந்த வேண்டும். பத்தாயிரம் வோல்ட் தாங்கும் மின்னெழுச்சித் தடுப்பான் ஒவ்வொரு விளக்கிலும் இருக்க வேண்டும். கடற்கரையிலும் ஏரிக்கரையிலும் மஞ்சள் சாயல் விளக்கே வேண்டும். இந்த ஐந்தும் இன்று சந்தையில் கிடைப்பவைதான். பழைய சோடியம், மெர்க்குரிப் பல்புகளும் குழல்களும் கிடங்கில் குவிந்திருந்தால் உடைக்காமல் பாதரசக் கழிவாக ஒப்படையுங்கள்.